வீட்டு நிட்டிங் மிஷின் வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் கொண்டு வந்தார் என்றோ, தெரிந்தவர் மலிவாகக் கொடுத்தார் என்றோ ஒரு நிட்டிங் மிஷின் வீட்டுக்கு வந்துவிடும். முதல் நாள் வீடே சுற்றி நின்று பார்க்கும். மூன்றாம் நாள் பின்னலின் கண்ணியெல்லாம் கழன்று, கையால் இழுத்து ஓட்டும் கேரியேஜ் நடுவழியில் இறுகி நின்று, “மிஷின் சரியில்லை” என்று கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று. இப்படிக் கட்டிலுக்கு அடியில் கிடந்த மூன்று மிஷின்களைப் பாளையங்கோட்டைப் பக்கம் நான் திறந்து பார்த்திருக்கிறேன். மூன்றிலுமே உடைந்த பாகம் என்று எதுவும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், நல்ல மிஷின் வீணாகக் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

இது என்ன மிஷின் என்று தெரியாதவர்களுக்கு: பெரும்பாலும் கரண்ட் வேண்டாம், கைதான் ஓட்டும். நீளமான ஒரு பெட், அதில் நெருக்கமாக ஊசிகள், ஒவ்வொரு ஊசி நுனியிலும் ஒரு கொக்கியும் திறந்து மூடும் சின்ன நாக்கும் இருக்கும். மேலே உள்ள கேரியேஜை ஒரு தடவை குறுக்கே இழுத்தால் ஒரு வரிசை பின்னிவிடும். நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிறந்த குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், பெங்களூரிலும் டெல்லியிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், அப்புறம் மெல்லிய காட்டன் ஷால் என்று வேலைக்குக் குறைவே இல்லை.

பெரிய தவறு வாங்கும்போதே நடந்துவிடுகிறது. எத்தனை ஊசி என்று கேட்கிறார்கள், ஊசிக்கும் ஊசிக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்பதில்லை. எந்த நூல் ஓடும் என்பதை அந்த இடைவெளிதான் முடிவு செய்கிறது. ஸ்டாண்டர்ட் மிஷினில் 4.5 மில்லிமீட்டர், 200 ஊசி, அதாவது ஊசி வரிசை மட்டுமே 90 சென்டிமீட்டர். சில்வர் ரீட் எல்கே150 போன்ற நடுத்தர மிஷினில் 6.5 மில்லிமீட்டர், 150 ஊசி. தடித்த நூலுக்கான சங்கி மிஷினில் 9 மில்லிமீட்டர். கடையில் கைப்பின்னலுக்கென்று விற்கும் தடிமனான உல்லன் நூலை ஸ்டாண்டர்ட் மிஷினில் போட்டால் அது ஊசிக் கொக்கிக்குள் சரியாக உட்காராது, கேரியேஜ் நகராது. உல்லன் நூல்தான் உங்களுக்குக் கிடைக்கும் என்றால் 6.5 வாங்குங்கள். திருப்பூர்ப் பக்கமிருந்து கோனில், அதாவது கூம்பில் சுற்றி வரும் மெல்லிய காட்டன் நூல்தான் என்றால் ஸ்டாண்டர்ட் போதும், நூல் ரொம்ப மெலிசாக இருந்தால் இரண்டு இழையைச் சேர்த்து ஓட்டிக்கொள்ளலாம்.

பழைய மிஷின் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிரதர் நிறுவனம் வீட்டு நிட்டிங் மிஷின் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடமாகிறது. மிஷின்கள் இன்றும் அருமையாக ஓடுகின்றன, ஆனால் கேரியேஜ், அதன் முன்னால் மாட்டும் சிங்க்கர் பிளேட், நூல் தாங்கும் டென்ஷன் கம்பம், மேசையோடு பிடிக்கும் கிளாம்ப் இவை எல்லாம் கூடவே வருகின்றனவா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். வேறு மாடலின் கேரியேஜ் பொதுவாகப் பொருந்தாது.

சரி, அந்த மூன்று மிஷின்களுக்கு என்னதான் ஆகியிருந்தது? மூன்றிலும் ஒரே சங்கதி, ஸ்பாஞ்ச் பார். பெட்டின் நீளத்துக்கு ஊசிகளுக்கு மேலாக ஒரு தட்டையான இரும்புப் பட்டை உள்ளே செருகியிருக்கும், அதன் அடிப்பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். ஊசிகளை மேலே எழும்ப விடாமல் அமுக்கிப் பிடிப்பது அதுதான். வருடங்கள் போகப் போக, அதிலும் நம்ம சித்திரை வெயிலில் அலமாரிக்குள் வெந்து கிடந்தால், ஸ்பாஞ்ச் அப்பளம் மாதிரி தட்டையாகி, சில சமயம் பிசினாகவே உருகிவிடும். பிறகு ஊசிகள் தூக்கிக்கொண்டு நிற்கும், கேரியேஜ் அவற்றில் போய் முட்டும், கண்ணி நழுவும். பட்டையை ஓரத்திலிருந்து உருவிப் பாருங்கள். இரும்பின் விளிம்பைத் தாண்டி ஸ்பாஞ்ச் மேலே எழும்பி நிற்க வேண்டும், நிற்கவில்லை என்றால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது ஒட்ட வேண்டியதுதான். திரும்பச் செருகும்போது ஸ்பாஞ்ச் பக்கம் கீழே ஊசியைப் பார்த்து இருக்க வேண்டும், ஊசிகளை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே மெதுவாகத் தள்ளுங்கள். யாராவது மிஷினைக் குறை சொன்னால் நான் முதலில் கேட்பது இந்தப் பட்டையைப் பற்றித்தான்.

எண்ணெய் விஷயம். தென்காசியில் எங்கள் மைனி ஒருத்தர் கேரியேஜ் இறுக்கமாக இருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் ஊற்றிவிட்டார்கள். முதல் வாரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றோடு வந்த தூசியெல்லாம் அதில் ஒட்டி, ஒரே மாதத்தில் பசை ஆகிவிட்டது. ஒவ்வொரு ஊசியாக உருவி, ஸ்பிரிட்டில் துடைத்து, உட்கார்ந்து மாட்டினோம். தையல் மிஷின் எண்ணெய் மட்டும் போடுங்கள், அதையும் ஊற்றாமல் துணியில் தொட்டுத் தடவுங்கள். முதல் சில வரிசைகளை வேண்டாத நூலில் ஓட்டினால் எண்ணெய்க்கறை அதோடு போய்விடும்.

நூலைத் தயார் செய்யாமல் ஓட்டுவதும் பெரிய தவறுதான். பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள் கோரையைக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றிக் காயவைத்த பிறகுதான் தறிக்கே போவார்கள். இங்கே என்னவென்றால் கடையில் வாங்கிய நூல்கண்டை அப்படியே தரையில் போட்டுவிட்டு மிஷினை ஓட்டுகிறோம். கையால் சுற்றிய உருண்டை இழுபடும்போது துள்ளும், சிக்கும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விசையில் நூலை விடும். கண்ணி ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்று வருவது இதனால்தான். வைண்டர் என்ற நூல் சுற்றும் கருவியில் தளர்வாகச் சுற்றிக்கொண்டால் நூல் நடுவிலிருந்து இலகுவாக வரும். கோன் என்றால் டென்ஷன் கம்பத்துக்கு நேர் கீழே வையுங்கள். காட்டன் நூல் இழுத்தால் நீண்டு கொடுக்காது, அதனால் சுற்றும்போது ஒரு மெழுகுவர்த்தித் துண்டில் உரசவிட்டால் வழுக்கிப் போகும். மெல்லிய நூல் போட்டிருக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். வியர்க்கத்தான் செய்யும், ஆனால் அந்தக் காற்றில் நூல் பறந்து கம்பத்தைச் சுற்றிக்கொண்டால் அவிழ்க்க அரை மணி நேரம் ஆகும்.

கம்பத்தில் இருக்கும் டென்ஷனும் கேரியேஜில் இருக்கும் டயலும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். டயல் கண்ணியின் அளவை மாற்றுவது. எண் கூடக்கூட கண்ணி பெரிதாகும். கம்பத்தில் இருப்பது நூலின் தொய்வை எடுப்பது. ஓரத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் டயலைத் தொடாதீர்கள், கம்பத்து டிஸ்க்கைக் கொஞ்சம் இறுக்குங்கள். கேரியேஜ் திரும்பும்போது மேலே உள்ள கம்பி வளைந்து அந்தத் தொய்வை எடுக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரியேஜ் நடுவில் இறுகினால் பலத்தைக் காட்டக் கூடாது. ஆரம்பத்தில் நான் அப்படித் தள்ளி ஏழு ஊசிகளை வளைத்தேன். சிங்க்கர் பிளேட்டின் திருகைக் கழற்றி பிளேட்டை எடுத்துவிட்டால் சிக்கிய நூல் வெளியே தெரியும், அதை விடுவித்துவிட்டு மெதுவாக நகர்த்தலாம். பாதி வழியில் நிறுத்தித் திரும்ப இழுப்பதும் கூடாது, கடைசி ஊசியைத் தாண்டிப் போன பிறகே திரும்ப வேண்டும். வளைந்த ஊசி நடுவில் இருந்தால் பெட்டின் கோடியில் சும்மா இருக்கும் ஊசி ஒன்றை எடுத்து அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

எடைக்கொக்கி போடாமல் பின்னினால் கண்ணி ஊசியை விட்டு இறங்காது. தொடக்கத்தில் மிஷினோடு வரும் பல் வைத்த நீளச் சீப்பைப் பின்னலில் கோத்து எடையைத் தொங்கவிட்டு, துணி வளர வளர ஓரக் கொக்கிகளை மேலே மாற்றி மாட்டிக்கொண்டே வர வேண்டும். ஆனால் அந்த எடை துணியை நீளவாக்கில் இழுத்து வைத்திருக்கும் என்பதை மறந்து, பெட்டில் தொங்கும்போதே டேப் வைத்து அளப்பவர்கள் உண்டு. ஒரு கணக்குச் சொல்கிறேன். தொங்கும்போது 10 சென்டிமீட்டருக்கு 40 வரிசை என்று அளந்து, 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு 120 வரிசை போட்டீர்கள். துவைத்துக் காய்ந்த பிறகு அதே 10 சென்டிமீட்டரில் 46 வரிசை அடங்கினால், கையில் கிடைப்பது 26 சென்டிமீட்டர் சட்டை. குழந்தைக்கு வயிறு தெரியும். அதனால் 40 கண்ணி, 60 வரிசைக்கு ஒரு மாதிரித் துண்டு போட்டு, துவைத்து, ஒரு ராத்திரி விட்டு, அப்புறம் அளங்கள்.

துணைக்கருவிகளில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஒன்று. ஒற்றை பெட் மிஷின் தானாகப் போடுவது ஒரு பக்கம் வழவழப்பான சாதாரணப் பின்னல்தான், அதன் ஓரம் சுருளத்தான் செய்யும், அது பழுது இல்லை. ஸ்வெட்டரின் கை, இடுப்பு ஓரத்தில் வரும் வரிவரியான ரிப் பின்னல் வேண்டும் என்றால் ரிப்பர் என்ற இரண்டாவது பெட் வாங்க வேண்டும், அது உங்கள் மிஷின் மாடலுக்கும் ஊசி இடைவெளிக்கும் பொருந்தியதாக இருக்க வேண்டும். சின்ன வேலைக்கு அதுவும் வேண்டாம், லாட்ச் டூலால், அதாவது பிடி போட்ட தனி ஊசியால், கண்ணியை இறக்கி மறுபக்கமாக ஏற்றிக்கொண்டே வந்தால் ரிப் வந்துவிடும். முதல் வருடத்துக்கு லாட்ச் டூல், ஒரு கண், இரண்டு கண், மூன்று கண் வைத்த, கண்ணியை ஊசி விட்டு ஊசி மாற்றும் டிரான்ஸ்ஃபர் டூல்கள், நாலைந்து எடைக்கொக்கி, வரிசை எண்ணும் கவுண்டர், வைண்டர் போதும். துளை போட்ட அட்டையை வைத்துப் பின்னும் பஞ்ச் கார்டு டிசைன் பெரும்பாலும் 24 கண்ணிக்குள் திரும்பத் திரும்ப வரும், அதெல்லாம் கை பழகிய பிறகு.

வேலை முடிந்ததும் ஊசிகளைப் பின்னுக்குத் தள்ளி வைத்து, பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திவிடுங்கள். மாதக்கணக்கில் தொடப் போவதில்லை என்றால் ஸ்பாஞ்ச் பாரை உருவி, ஒரு துணியில் சுற்றித் தனியே வைக்கலாம்.