55-க்குப் பதினைந்து நாள் குறைவு: லே-ஆஃபில் ஓய்வுக்கால மருத்துவக் காப்பீட்டைப் பறிகொடுக்கும் தவறுகள்

தொண்ணூறுகளில் எச்-1பி விசாவில் அமெரிக்கா போன தமிழர்களில் பலர் இப்போது ஐம்பதுகளில் இருக்கிறார்கள். ஆட்குறைப்பு என்று தெரிந்ததும் அவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாரச் சம்பளம் தருவாங்க?" என்பதுதான். "எந்தத் தேதி வரைக்கும் நான் இந்தக் கம்பெனி ஊழியர்?" என்று கேட்பவர் அபூர்வம். முன்னால் போனவர்கள் செய்த அதே பிழையைப் பின்னால் வருபவர்களும் ஒவ்வொரு ஆட்குறைப்பிலும் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. பிரீமியத்தை மறக்காமல் கட்டுங்கள், வரும் கடிதங்களைப் பிரித்துப் படியுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஓய்வுபெற்றவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டை எல்லாக் கம்பெனிகளும் தருவதில்லை. பழைய பெரிய நிறுவனங்கள் சில, பல்கலைக்கழகங்கள், மாநில அரசுகள் போன்ற இடங்களில் இன்னும் இருக்கிறது. 55-இல் வேலை போய், 65-இல் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கிடைக்கும் வரையிலான பத்து வருடத்தைத் தாண்ட இதுதான் பாலம். கீழே வருவது தனியார் கம்பெனிகளுக்கு. அரசு வேலைகளுக்கு எரிசா சட்டம் (தனியார் கம்பெனிகளின் பென்ஷன், மருத்துவச் சலுகைகளுக்கான சட்டம்) பொருந்தாது, அங்கே விதிகள் வேறு.

பிரிவுத் தேதியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

கையில் கொடுக்கப்படும் ஒப்பந்தத்தில், பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே, "பிரிவுத் தேதி" என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே செவரன்ஸ் தொகை, அதாவது வேலையை விட்டு அனுப்பும்போது தரும் பணம். கண் நேராகத் தொகைக்குப் போய்விடும். ஆனால் அந்த ஒப்பந்தத்திலேயே விலை அதிகமான வரி மேலே இருக்கும் தேதிதான்.

பல திட்டங்களில் தகுதி விதி இப்படி இருக்கும்: 55 வயதும் 10 வருட சர்வீஸும். அல்லது வயதையும் சர்வீஸையும் கூட்டினால் 75 வர வேண்டும். எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவாக மாறாதது, வேலை முடியும் நாளில் அந்தத் தகுதி இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை. வீட்டுக்கு வந்தபிறகு 55 நிறைந்தால் அந்தத் திட்டத்தின் கண்ணில் நீங்கள் ஓய்வுபெற்றவர் இல்லை, வேலையை விட்டுப் போனவர்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு மார்ச் 14-இல் 55 நிறைகிறது. சர்வீஸ் 16 வருடம். வருடத்துக்கு 2 வாரம் என்று 32 வாரச் சம்பளம் மொத்தமாகத் தருகிறார்கள். பிரிவுத் தேதி பிப்ரவரி 27. பதினைந்து நாள் குறைகிறது. அந்தப் பதினைந்து நாளால் அவருக்கும் மனைவிக்கும் பத்து வருடக் காப்பீடு போய்விட்டது. 32 வாரத்தில் 3 வாரத்தை மட்டும் சம்பளப் பட்டியலில் ஊழியராக வைத்துக் கொடுத்து, மீதி 29 வாரத்தை மொத்தமாகக் கொடுத்திருந்தால் சம்பளக் கணக்கில் யாருக்கும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. எத்தனை தடவை பார்த்தாலும் ஆறாத எரிச்சல் இதில்தான். கம்பெனி மறுக்கலாம், மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கையெழுத்துக்கு முன்பு கேட்டால்தான் பேசவே இடம் இருக்கிறது.

இங்கே மூன்று தேதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். கடைசியாக ஆபீஸ் போன நாள் ஒன்று. வேலை சட்டப்படி முடியும் நாள் ஒன்று. செவரன்ஸ் பணம் வந்து முடியும் நாள் ஒன்று. "எனக்கு அக்டோபர் வரைக்கும் சம்பளம் வருது, அப்போ அக்டோபர் வரைக்கும் சர்வீஸ்தானே" என்று நினைப்பது தவறு. மாதாமாதம் பணம் வந்தாலும் திட்ட ஆவணம் அதைச் சர்வீஸாக ஏற்றால்தான் கணக்கு. எடுக்காத விடுப்புக்குப் பணம் கொடுத்தாலும் பொதுவாகத் தேதி நகராது. அந்த விடுப்பை ஊழியராக இருந்துகொண்டே எடுத்துக் கழிக்க விடுவார்களா என்று கேட்பது வேறு விஷயம், கட்டாயம் கேட்க வேண்டிய விஷயம். வார்ன் சட்டப்படி (பெரிய ஆட்குறைப்பை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லும் சட்டம்) 60 நாள் முன்னறிவிப்பு தரும்போது வழக்கமாக அந்த நாள்களிலும் நீங்கள் ஊழியர்தான். ஆனால் சிலர் முன்னறிவிப்புக்குப் பதில் பணமாகக் கொடுத்து அன்றே கணக்கை முடிப்பார்கள். எது நடக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

வயது 40-க்கு மேல் என்றால், வயதுப் பாகுபாட்டு வழக்குரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தை யோசிக்கச் சட்டமே அவகாசம் தருகிறது. தனியாளாக அனுப்பினால் 21 நாள். கூட்டமாக அனுப்பினால் 45 நாள். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். அந்த 7 நாளை யாராலும் குறைக்க முடியாது. கூட்டமாக அனுப்பும்போது யார் யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்று பதவியும் வயதும் போட்ட பட்டியல் ஒன்றும் தர வேண்டும். அதைக் கட்டாயம் படியுங்கள். 53, 54 வயதுக்காரர்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தால் வழக்கறிஞரிடம் காட்ட வேண்டிய தாள் அது. சலுகை கிடைத்துவிடக் கூடாது என்ற நோக்கத்தோடு வேலையை விட்டு அனுப்புவதை எரிசா சட்டத்தின் 510-ஆம் பிரிவு தடுக்கிறது. அது பென்ஷனுக்கு மட்டுமல்ல, மருத்துவச் சலுகைக்கும் பொருந்தும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். தேதி நெருக்கமாக இருந்தது என்பது மட்டும் போதாது. எல்லா வழக்குரிமையையும் விட்டுக்கொடுக்கும் பொது விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் இந்த உரிமையும் சேர்ந்தே போய்விடும்.

செய்ய வேண்டிய வரிசை இது.

லே-ஆஃப் வரும் என்று வாடை அடித்தாலே சலுகைகள் தளத்திலிருந்து மருத்துவத் திட்டத்தின் சுருக்க விளக்க ஏட்டையும், செவரன்ஸ் திட்டத்தின் ஏட்டையும் உங்கள் சொந்தக் கணினியில் இறக்கி வையுங்கள். அறிவித்த அன்றே லாகின் போய்விடும். ஊழியர்களுக்கென்று கொடுத்த சலுகை ஆவணங்களை மட்டும் எடுங்கள், கம்பெனியின் வேலைக் கோப்பு ஒன்றுகூட வேண்டாம்.

அது முடியாமல் போயிருந்தால், முதல் நாளே திட்ட நிர்வாகிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். நீளமாக எழுத வேண்டியதில்லை: "ஓய்வுபெற்றோர் மருத்துவத் திட்டத்தின் முழு ஆவணத்தையும் சுருக்க விளக்க ஏட்டையும், பின்னால் செய்த திருத்தங்கள் எல்லாவற்றையும் அனுப்பவும். என் வேலை தொடங்கிய தேதி, இன்று வரை கணக்கிட்ட சர்வீஸ், எந்தத் தேதியில் நான் தகுதி பெறுவேன் என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்." அவர்கள் 30 நாளுக்குள் ஆவணங்களை அனுப்ப வேண்டும். தவறினால் நாளுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இப்போது நாள் கணக்கைப் பாருங்கள். 45-இல் 30 போனால் உங்களுக்கு மிஞ்சுவது 15. அவகாசம் 21 நாள்தான் என்றால் ஆவணம் வருவதற்குள் கெடு முடிந்துவிடும், ஆகவே கூடுதல் அவகாசத்தையும் அதே வாரத்தில் எழுத்தில் கேளுங்கள்.

பிறகு எச்.ஆரிடம் பேசுங்கள். பிரிவுத் தேதியைத் தள்ளி வைப்பது, அல்லது சம்பளமில்லா விடுப்பில் ஊழியராக வைத்திருப்பது, இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். "கவலைப்படாதீங்க, உங்களை ரிட்டயர் ஆனவரா எடுத்துக்குவோம்" என்று போனில் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. வாய்ப்பேச்சு எதுவும் செல்லாது, இந்தப் பத்திரமே முழு உடன்பாடு என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு பத்தி பெரும்பாலும் இருக்கும். உடன்பாடு ஒப்பந்தத்துக்குள்ளேயே வர வேண்டும், திட்ட ஆவணத்தின் எந்தப் பிரிவு அதை அனுமதிக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி நடத்தும் திட்டமாக இருந்தால் அவர்களுடைய சம்மதமும் தேவை. இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து வரும் பெரிய ஆபரேஷன் பில்லில் "இவர் தகுதியுள்ளவரே இல்லை" என்று கைவிரித்துவிடுவார்கள்.

இவ்வளவு போராடும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பிரீமியத்தில் கம்பெனியின் பங்கு எவ்வளவு? சில திட்டங்களில் சேரும் உரிமை மட்டும்தான், முழுப் பிரீமியமும் உங்கள் தலையில். 2014 முதல் சந்தைத் திட்டங்களில் (ஒபாமாகேர் சந்தையில் தனியாக வாங்கும் காப்பீடு) பழைய நோயைக் காட்டி யாரையும் மறுக்க முடியாது. ஆகவே கம்பெனி ஒரு டாலரும் போடாத திட்டத்துக்காகச் செவரன்ஸில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் நஷ்டம்.

பென்ஷன் போல இதுவும் நிலையானது என்று நம்புவது

சேர்ந்த பென்ஷன் உங்கள் சொத்து. மருத்துவச் சலுகை அப்படியில்லை. "இத்திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ நிறுத்தவோ கம்பெனிக்கு உரிமை உண்டு" என்ற வரி அநேகமாக எல்லா ஏட்டிலும் இருக்கும். தொழிற்சங்க ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதாவிட்டால் வாழ்நாள் உரிமை என்று தானாக ஊகிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் டாக்கெட் வழக்கிலும் 2018-இல் ரீஸ் வழக்கிலும் சொல்லிவிட்டது. இன்னொரு குழப்பம்: பென்ஷனில் "முன்கூட்டிய ஓய்வு" வயது 55 என்று இருப்பதால் மருத்துவத்திலும் அதேதான் என்று எடுத்துக்கொள்வது. இரண்டும் தனித்தனித் திட்டம், தனித்தனி விதி. இரண்டு ஏட்டையும் வாங்கிப் படியுங்கள்.

65 தாண்டியவர் கோப்ராவை நம்பி மெடிகேரைத் தள்ளிப்போடுவது

வேலையில் இருக்கும் வரை கம்பெனிக் காப்பீடு இருப்பதால் 65-க்குப் பிறகும் பார்ட் பி (மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) எடுக்காமல் இருக்கலாம், கம்பெனியில் 20 ஊழியர்களாவது இருந்தால். வேலை போனதும் அந்தப் பாதுகாப்பு முடிகிறது. கோப்ரா, அதாவது வேலை போன பிறகும் பணம் கட்டித் தொடரும் கம்பெனிக் காப்பீடு, "வேலையில் இருப்பதால் வரும் காப்பீடு" ஆகாது. ஓய்வுபெற்றோர் திட்டமும் அந்தக் கணக்கில் வராது. வேலையோ அதனால் வந்த காப்பீடோ, எது முதலில் முடிகிறதோ அதற்கு அடுத்த மாதத்திலிருந்து 8 மாதம்தான் சிறப்புச் சேர்க்கைக் காலம். கோப்ராவோ 18 மாதம் ஓடும். "கோப்ரா முடியட்டும், பார்த்துக்கலாம்" என்பவர் 8 மாதத்தைத் தவறவிடுகிறார். அப்புறம் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை வரும் பொதுச் சேர்க்கைக்குக் காத்திருக்க வேண்டும். தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் அபராதம், பார்ட் பி இருக்கும் வரை. 2026-இல் அடிப்படைப் பிரீமியம் மாதம் 202.90 டாலர்.

அபராதத்தைவிடப் பெரிய அடி வேறு. மெடிகேருக்குத் தகுதி வந்தவருக்குக் கோப்ரா பல இடங்களில் இரண்டாவது காப்பீடாகத்தான் பணம் தரும். மெடிகேர் கொடுத்திருக்க வேண்டிய 80 சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் கொடுப்பார்கள். மெடிகேரே எடுக்காதவருக்கு அந்த 80 சதவீதம் கைக்காசு.

அந்த 8 மாதத்துக்குள் பார்ட் பி-யில் சேரத் தேவையானவை இரண்டு படிவங்கள்: சி.எம்.எஸ்-40பி, சி.எம்.எஸ்-எல்564. இரண்டாவதில் கம்பெனி கையெழுத்திட வேண்டும். எச்.ஆர். ஆள்களே மாறிப்போகும் முன், கடைசி வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

63½ வயதில் வேலை போனவருக்கு 18 மாதக் கோப்ரா சரியாக 65-இல் கொண்டுபோய் விடும். ஆனால் மனைவி ஐந்து வயது இளையவர் என்றால் அவருக்குத் தனியாக வழி பார்க்க வேண்டும்.

"வேண்டாம்" கட்டத்தில் டிக் அடிப்பது

ஓய்வுபெற்றோர் காப்பீட்டில் சேரும் வாய்ப்பு பல திட்டங்களில் ஒரே முறைதான், "வேண்டாம்" என்றால் போனதுதான். "தள்ளிவைக்கிறேன்" என்று தனிக் கட்டம் இருந்தால் அதைத்தான் குறிக்க வேண்டும். வாழ்க்கைத்துணை வேலையில் இருப்பதால் இப்போது தேவையில்லை என்பவர்களுக்கு இது முக்கியம்.

கோப்ராவைப் பாதியில் விடுவது

விலை தாங்காமல் நீங்களாக நிறுத்தினால் சந்தைத் திட்டத்தில் சேர அதுவே காரணமாகாது. ஆண்டுச் சேர்க்கைக் காலம் வரும் வரை காப்பீடே இல்லாமல் நிற்க வேண்டியதுதான். கோப்ராவில் கம்பெனி கட்டிவந்த பங்கை நிறுத்தினால் வழி உண்டு, 60 நாளுக்குள்.

எச்.எஸ்.ஏ.

இது மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் பணம் சேர்க்கும் கணக்கு. மெடிகேர் இருக்கும் மாதங்களில் இதில் பணம் போடக் கூடாது. 65-க்குப் பிறகு மெடிகேர் எடுப்பதானால் 6 மாதம் முன்பே பணம் போடுவதை நிறுத்துங்கள், ஏனென்றால் பார்ட் ஏ (மருத்துவமனைச் செலவுக்கான பகுதி) பின்தேதியிட்டு வரும்.

ஊருக்கே போகிறோம் என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவது

சென்னையிலோ கோவையிலோ குடியேறினால் மெடிகேர் அங்கே பொதுவாகப் பணம் தராது. அதனால் பார்ட் பி எதற்கு என்று விடுகிறார்கள். பிறகு பேரக்குழந்தைக்காகத் திரும்பி வந்தால் வெளிநாட்டில் இருந்த வருடங்களும் பொதுவாக அபராதக் கணக்கில் சேரும். ஓய்வுபெற்றோர் திட்டம் மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் இன்சூரன்ஸ் கம்பெனி மூலம் தரும் மெடிகேர்) வகையாக இருந்தால் 6 மாதத்துக்கு மேல் சேவைப் பகுதிக்கு வெளியே இருந்தாலே நீக்கிவிடலாம். கிளம்புவதற்கு முன் திட்ட நிர்வாகியிடம் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: வெளிநாட்டு முகவரி இருந்தால் உறுப்பினராக நீடிக்கலாமா, நிறுத்தி வைத்துத் திரும்பி வந்தால் மறுபடி சேர்ப்பீர்களா. பதில் தாளை பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.