தென்னை நார் சிமெண்ட் போர்டு: நாரை பதப்படுத்துறப்போ பண்ற தப்புகள்

பொள்ளாச்சி பக்கம் மில்லுல நார் வாங்கி சிமெண்ட் போர்டு போட்டு பாக்குறவங்க பண்ற முதல் தப்பு, நார் பாக்க சுத்தமா இருக்கே, காஞ்சுதானே இருக்குன்னு அப்படியே கலவையில போட்டுடறது. நானும் அப்படித்தான் போட்டேன். மறுநாள் அச்சை பிரிச்சா நகத்தால கீறினாலே மாவு மாதிரி உதிருது, சிமெண்ட் பழசுன்னு நினைச்சு வேற மூட்டை மாத்தினேன், அதுவும் அப்படியேதான். விஷயம் நார்ல இருக்கு, அதுல இருக்கிற சர்க்கரையும் டானினும் (கறை விடுற துவர்ப்புப் பொருள்) தண்ணில கரைஞ்சு சிமெண்ட்டை செட் ஆக விடாது.

சந்தேகமா இருந்தா ஒரு கைப்பிடி நாரை வெந்நீர்ல ரெண்டு மணி நேரம் ஊறப்போடுங்க, கட்டங்காப்பி மாதிரி தண்ணி இறங்கும். அதுல ஒரு கப் சிமெண்ட் குழைங்க, நல்ல தண்ணில இன்னொரு கப் குழைச்சு பக்கத்துலயே வைங்க, எது எப்போ இறுகுதுன்னு பாத்தா புரிஞ்சிடும். வெந்நீரை மாத்தி மாத்தி, கறை இறங்குறது நிக்கிற வரைக்கும் ஊறவைக்கணும். ஒட்டிட்டு இருக்கிற நார்க்கழிவு தூளையும் உதறி சலிச்சு எடுத்துடுங்க, அது தண்ணிய குடிச்சிட்டே இருக்கும்.

அடுத்தது காஸ்டிக் சோடா, நார் சிமெண்ட்டோட நல்லா ஒட்டணும்னு இந்த கரைசல்ல ஊறவைப்பாங்க. 2-ல இருந்து 5 சதவீத கரைசல் போதும், இன்னும் போட்டா இன்னும் நல்லா ஒட்டும்னு 10, 15-ன்னு ஏத்தி ராத்திரி பூரா ஊறவிட்டா நாரே பலம் போய் இழுத்தா பட்டுன்னு அறுந்துடும். அலுமினிய பாத்திரம் வேண்டவே வேண்டாம், சோடா அதை அரிச்சு ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பிளாஸ்டிக் டிரம் எடுங்க. கையுறை, கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், தண்ணில தான் சோடாவை கொஞ்சம் கொஞ்சமா போடணும், சோடா மேல தண்ணி ஊத்தினா கொதிச்சு தெறிக்கும். அப்புறம் காரம் போயிடுச்சான்னு காட்டுற பிஹெச் பேப்பர்ல 7 கிட்ட வர்ற வரைக்கும் அலசுங்க.

எலும்பா காஞ்ச நார் கலவைத் தண்ணிய உறிஞ்சிடும், சொட்ட சொட்ட ஈரமா போட்டா பின்னாடி சுருங்கி சிமெண்ட்டை விட்டு விலகிடும், அதனால மேல் ஈரம் மட்டும் போற அளவுக்கு வடியவிடுங்க. நீளமா விடாம 2-3 சென்டிமீட்டரா வெட்டுங்க, இல்லன்னா உருண்டை கட்டும்.

சீக்கிரம் இறுகணும்னு கால்சியம் குளோரைடு போடுறாங்க, வேலை செய்யும்தான், ஆனா போர்டுல அடிக்கிற ஆணியும் ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும்.

இவ்ளோ பண்ணாலும் சிமெண்ட்டோட காரத்தன்மையே வருஷக்கணக்குல நாரை தின்னும். சிமெண்ட்ல ஒரு பங்கை குறைச்சு ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலைய நிலக்கரிச் சாம்பல்) சேர்த்தா அந்த காரம் குறையும், ஆனா ஆரம்பத்துல மெதுவா தான் இறுகும், அதனால அச்சை அவசரப்பட்டு பிரிக்காம ஈரச்சாக்கு போட்டு 28 நாள் க்யூரிங் (ஈரத்துலயே இறுக விடுறது) விடுங்க.