நாட்டுப்புற இசைக்குழுவின் முதல் ஆல்பத்துக்கு அட்டை செய்வது எப்படி?

பாட்டைக் கேட்பதற்கு முன்னால் எல்லாரும் பார்ப்பது அட்டையைத்தான். அதுவும் இப்போது கைப்பேசியில் ஒரு சின்னச் சதுரமாகத் தெரியும், அவ்வளவுதான். அதற்குள் 'இவர்கள் யார்' என்று சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் நம் நாட்டுப்புறக் குழுக்கள் சில இங்கேதான் சறுக்குகின்றன. வயல், மாட்டுவண்டி, வாழைமரம் என்று இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். குழு வளர்ந்ததோ பினாங்கின் பட்டர்வொர்த் அடுக்குமாடியில். பாட்டு ரப்பர் தோட்டத்தைப் பற்றி, படம் தஞ்சாவூரைப் பற்றி!

பினாங்கில் ஒரு குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் உறுமி, ஒரு பறை, ஒரு கிட்டார், பாட ஒரு பெண். ஆல்பத்தின் பெயர் 'கொட்டு'. இவர்களுக்கு அட்டை செய்து பார்க்கலாம். கைப்பேசி கேமராவும் இலவச மென்பொருள் ஒன்றும் போதும்.

படி 1: மூன்று சொல் எழுதுங்கள்

ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள். அப்புறம், அட்டையைப் பார்ப்பவர் மனதில் என்ன தோன்ற வேண்டும் என்று மூன்றே மூன்று சொல் எழுதுங்கள். 'பாரம்பரியம்', 'கலாச்சாரம்' என்று எழுதினால் உடனே அடித்துவிடுங்கள். அவற்றைப் படம் எடுக்க முடியாது. 'ராத்திரி', 'பாட்டி', 'குறும்பு' என்றால் எடுக்கலாம்.

வாத்தியம் ஒன்றாக இருந்தாலும் பிம்பம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் வாசிக்கும் உறுமி மேளக் குழுவின் அட்டையில் வேலும் தீயும் இருந்தால் பொருத்தம்தான். அவர்களின் களம் அது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டுக் கதையைப் பாடும் குழு அதே தீயைப் போட்டுக்கொண்டால், கேட்பவர் சாமி பாட்டை எதிர்பார்த்து வந்து ஏமாந்து போவார்.

படி 2: ஆளா, பொருளா, இடமா?

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோபுரம், கோலம், பறை, நான்கு முகம் எல்லாம் சேர்ந்தால் அது கல்யாண பேனர்.

ஆளைக் காட்டுவது என்றால் குழுவினர்தான் முன்னால் நிற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. இங்கிலாந்தின் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற நாட்டுப்புற ராக் குழு 1969-இல் வெளியிட்ட 'அன்ஹாஃப்பிரிக்கிங்' அட்டையைத் தேடிப் பாருங்கள். லண்டனில் ஒரு வீட்டு வாசலில் வயதான தம்பதி நிற்கிறார்கள். பாடகி சாண்டி டென்னியின் அப்பா அம்மா. குழுவினர் பின்னால் தோட்டத்தில், வேலிக்கு நடுவே சின்னதாகத் தெரிகிறார்கள். பிரிட்டிஷ் பதிப்பில் குழுவின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ முன்னட்டையில் கிடையாது. ஆனாலும் 'எங்கள் பாட்டு முந்தின தலைமுறையிடமிருந்து வருகிறது' என்பது புரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் இதே ஆல்பத்துக்கு சர்க்கஸ் யானைப் படம் போட்டார்கள். அதைப் பார்த்தால் இப்படி எதுவும் தோன்றாது. நம் 'கொட்டு'வுக்கு, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டியை அடுக்குமாடி வாசலில் நிறுத்தலாம்.

பொருள் என்றால் கிட்டே போங்கள். முழு உறுமியைவிட, தோலை உரசும் அந்த வளைந்த குச்சியும் அதைப் பிடித்த விரல்களும் அதிகம் பேசும். பறையில் ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமாக நீளமான சிண்டுக் குச்சி இடது கையில், குட்டையான அடிக்குச்சி வலது கையில் இருக்கும். எழுத்துக்கு இடம் வேண்டுமென்று படத்தை இடம் வலமாகத் திருப்பினால் குச்சியும் கை மாறிவிடும். பறை தெரிந்தவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார், 'இவர்களுக்கு வாசிக்கத் தெரியுமா' என்று. ஆகவே திருப்பாதீர்கள்.

படி 3: படம் எடுங்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆர்மீனியன் ஸ்திரீட் சைக்கிள் சுவரோவியத்தை விட்டுவிடுங்கள். 2012-இல் வரைந்தது முதல் சுற்றுப்பயணிகள் வரிசையில் நின்று படம் எடுக்கும் இடம் அது. உங்கள் குழுவும் சுற்றுப்பயணிபோலத்தான் தெரியும். அது ஓர் ஓவியருடைய படைப்பு என்பதால் உரிமைச் சிக்கலும் வரலாம். நீங்கள் ஒத்திகை பார்க்கும் இடம் எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும் அங்கேயே எடுங்கள்.

உச்சி வெயில் வேண்டாம், கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். லிட்டில் இந்தியா பக்கம் எடுப்பதானால் காலையில் கடை திறக்கும் முன் போங்கள். கடை முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதையில், நிழலுக்குள் ஓர் அடி தள்ளி, தெருவைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். முகத்தில் வெளிச்சம் மென்மையாக விழும். வெள்ளை வேட்டி கட்டியிருந்தால் கேமரா தானாகவே ஒளியைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். திரையில் முகத்தைத் தொட்டு ஒளியைச் சரிசெய்த பிறகு எடுங்கள். சதுரமாக வெட்டவும் எழுத்து வைக்கவும் சுற்றிலும் தாராளமாக இடம் விடுங்கள்.

படி 4: எழுத்து

அதிகம் சொதப்பும் இடம் இதுதான். பழைய ஃபோட்டோஷாப்பில் 'கொட்டு' என்று ஒட்டினால் கொம்பு இடம் மாறும், நடுவே புள்ளி வட்டம் முளைக்கும், 'டு' பிரிந்து நிற்கும். விருப்பங்களில் டைப் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தேர்வுசெய்து, மென்பொருளை மூடித் திறந்து, புதுக் கோப்பில் தட்டச்சு செய்யுங்கள். இல்லையென்றால் இன்க்ஸ்கேப் அல்லது கிம்ப்பில் செய்யுங்கள். இரண்டும் இலவசம், தமிழைச் சரியாகக் காட்டும்.

எழுத்துருவும் குணம் காட்டும். கூகள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கும்: கவிவாணர் கையெழுத்துபோல இருக்கும், பாட்டிக்குப் பொருந்தும். பலூ தம்பி குண்டாக, குறும்பாக இருக்கும். கட்டமரான் மெலிந்து நவீனமாக இருக்கும். ஒன்று போதும். பெயரை ரோமன் எழுத்தில் மட்டும் போடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தமிழைப் பெரிதாக வையுங்கள், மலாய், சீன நண்பர்களுக்காக ரோமனைக் கீழே சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம். நிழல், மினுமினுப்பு, தங்க முலாம் எதுவும் வேண்டாம்.

படி 5: நிறம்

படத்திலிருந்தே இரண்டு நிறம் எடுங்கள்: பறைத் தோலின் வெளிர் நிறம், சட்டத்தின் மர நிறம். 'தி பேண்ட்' என்ற ராக் குழு 1969-இல் அதே பெயரில் வெளியிட்ட ஆல்பத்தை, அட்டையின் பழுப்பு நிறத்தை வைத்து ரசிகர்கள் 'பிரவுன் ஆல்பம்' என்றே கூப்பிடுகிறார்கள். நிறத்தில் அடக்கம் இருந்தாலும் நினைவில் நிற்கும்.

படி 6: சுருக்கிப் பாருங்கள்

படத்தைக் கைப்பேசியில் ஓர் அங்குலத்துக்குச் சுருக்கி, குழுவைத் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். 'என்ன மாதிரி பாட்டு இருக்கும்?' என்று மட்டும் கேளுங்கள், நீங்கள் விளக்காதீர்கள். அவர் சொல்வது உங்கள் மூன்று சொல்லுக்குப் பக்கத்தில்கூட வரவில்லையென்றால் படி 2-க்குத் திரும்புங்கள்.

படி 7: கோப்பு

இணையத்துக்கு 3000 x 3000 பிக்சல், ஆர்ஜிபி (திரைக்கான நிற முறை), ஜேபெக் கோப்பு. தொலைபேசி எண், இணைய முகவரி, விலை எதையும் அட்டையில் போடாதீர்கள், ஆப்பிள் மியூசிக் ஏற்காது. சிடி அச்சடிப்பதானால் 12 சென்டிமீட்டர் சதுரம், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), வெட்டுக்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல், சிஎம்ஒய்கே (அச்சுக்கான நிற முறை). அச்சில் நிறம் கொஞ்சம் மங்கும். அதனால் மாதிரிக்கு ஒன்றை அச்சடித்து வாங்கிப் பார்த்த பிறகு மீதிக்குப் பணம் கட்டுங்கள். லேயர் (படம், எழுத்து என்று தனித்தனி அடுக்கு) கலையாத மூலக் கோப்பையும் எழுத்துருவையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள், அடுத்து தனிப்பாட்டாக வெளியிடும் சிங்கிளுக்கு அதே எழுத்து வேண்டியிருக்கும்.