பழைய எக்செலை அப்படியே கிளவுடில் ஏற்றாதீர்கள்

போன வாரம் திருப்பூர்ப் பக்கம் ஒரு கார் ஷோரூமுக்குப் போயிருந்தேன். சொந்த சர்வரைக் கழற்றிவிட்டு, இன்டர்நெட் வழியாக ஓடும் கிளவுடு டி.எம்.எஸ்.ஸுக்கு (ஷோரூம் நிர்வாக மென்பொருளுக்கு) மாறுகிறார்கள். விற்பனை, சர்வீஸ், ஸ்பேர்ஸ், கணக்கு எல்லாம் ஒரே மென்பொருளில். “பழைய டேட்டா பூரா எக்செல்ல ரெடிங்ணா, நாளைக்கு ஏத்திடலாம்” என்றார் ஐ.டி. பார்க்கும் தம்பி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. எட்டு வருடத்துக்கு முன்னால் இதையேதான் நான் எங்கள் ஷோரூம் எம்.டி.யிடம் சொன்னேன்.

பேக்கப் எடு, பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன். மாறும்போது செய்யக் கூடாதவை மட்டும் இங்கே.

குப்பையோடு குடிபோவது

எங்கள் ஸ்பேர்ஸ் பட்டியலில் சில பார்ட் நம்பர்கள் சைபரில் தொடங்கும். பழைய சிஸ்டத்திலிருந்து எடுத்த ஃபைலை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறந்தேன். அது எல்லாவற்றையும் எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த சைபர்களைத் தின்றுவிட்டது. இரண்டு பக்கமும் எண்கள், நடுவில் ஆங்கில ‘ஈ’ எழுத்து என்று இருந்த நம்பர்கள் இன்னும் மோசம். அதைப் பத்தின் அடுக்காகக் கருதி, லட்சக் கணக்கில் ஏதோ ஓர் எண்ணாக மாற்றி வைத்தது. நான் கவனிக்கவில்லை. சேமித்தேன், ஏற்றினேன்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. புதிய சிஸ்டத்தில் கார் கம்பெனி கொடுத்த சரியான பார்ட் நம்பரும் இருந்தது, நான் ஏற்றிய ஊனமான நம்பரும் இருந்தது. எங்கள் ஸ்டாக் முழுக்க ஊனமான நம்பரில். சரியான நம்பரில் இருப்பு பூஜ்யம். சரக்கு தீர்ந்துவிட்டது என்று சிஸ்டம் தானாக ஆர்டர் பரிந்துரைத்தது, கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஓகே கொடுத்தோம். ஆயில் ஃபில்டரும் பிரேக் பேடும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. கண்டுபிடித்தது நானில்லை, ஸ்டோர் பார்த்த பெரியவர். “தம்பி, ரேக்ல இடமில்ல. ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் நாமளே ஃபில்டர் போடப் போறமா?” என்றார்.

ஆர்டர் போட்டு வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்புவது லேசான வேலையில்லை. அது ரேக்கில் தூங்க, பேங்க் கடனான சி.சி.யின் வட்டி மட்டும் ஓடியது. சரிபார்க்க மூன்று நாள் வேண்டும் என்று நான் கேட்டபோது, சாஃப்ட்வேர் விற்க வந்தவர் “எல்லாம் சிஸ்டமே பாத்துக்கும் சார்” என்றார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

ஆகவே தம்பிமார்களே, ஃபைலைத் திறக்காதீர்கள், இம்போர்ட் செய்யுங்கள்; பார்ட் நம்பர் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று குறியுங்கள். பார்ட் மாஸ்டரை, அதாவது பார்ட் நம்பர்களின் மூலப் பட்டியலை, கார் கம்பெனியிடமே வாங்குங்கள், உங்களுடையது ரேக்கில் எண்ணிய எண்ணிக்கை மட்டும் போதும். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் மொத்த வரிகள், மொத்த மதிப்பு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

சேஸி நம்பருக்கும் இதே கதைதான். இப்போதைய வண்டிகளில் அது எழுத்தும் எண்ணுமாக 17 இடம். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது. ஒன்று, சைபர் என்ற எண்களோடு குழம்பக் கூடாது என்பதற்காகவே விலக்கி வைத்திருக்கிறார்கள். மாருதி என்றால் எம்.ஏ.3, ஹூண்டாய் என்றால் எம்.ஏ.எல்., டாடா என்றால் எம்.ஏ.டி. என்று தொடங்கும். எக்செலில் ஒரு சூத்திரம் போட்டால் பத்து நிமிடத்தில் தவறுகள் கையில் வந்துவிடும். நாங்கள் போடவில்லை. ஒரு வாடிக்கையாளரின் இன்சூரன்ஸில் சைபருக்குப் பதில் ‘ஓ’ இருந்தது, வண்டி இடித்து கிளெய்ம் போட்ட பிறகுதான் தெரிந்தது. அவர் அதற்குப் பிறகு எங்களிடம் சர்வீஸுக்கு வரவேயில்லை.

ஆயுத பூஜைக்கு முன்னால் மாறுவது

வேண்டாம். ஆடியில் மாறுங்கள், டெலிவரி எடுக்க ஆள் வராது.

ஒரே பள்ளத்தில் இரண்டு லைன்

இரண்டு கம்பெனியின் இன்டர்நெட் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். வாசலில் பள்ளம் தோண்டியவர்கள் இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினார்கள். இரண்டாவது சிம்மில் ஓடட்டும்.

போனவரின் லாகின்

சேல்ஸ் பையன் வேலையை விட்ட அன்று சாயங்காலமே மூடுங்கள். எங்கள் என்கொயரி பட்டியலை அடுத்த ஷோரூமில் இருந்துகொண்டே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகிறது.

காகிதத்தை ஒழிப்பது

2024 ஜூனில், ஷோரூம்களுக்கு மென்பொருள் கொடுக்கும் சி.டி.கே. குளோபல் என்ற கம்பெனி மீது சைபர் தாக்குதல் நடந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 15,000 ஷோரூம்கள் அதை நம்பி இருந்தவை. பல இடங்களில் பேனாவும் பேப்பரும் வைத்து வண்டி விற்றார்கள். எங்கள் சர்வீஸ் கவுன்டரில் கார்பன் வைத்த ஜாப் கார்டு புத்தகம் இரண்டு இருக்கிறது, கேட் பாஸ் புத்தகம் ஒன்று. மாதம் ஒரு நாள், காலை ஒரு மணி நேரம், சிஸ்டத்தைத் தொடாமல் இதிலேயே வேலை பார்க்கச் சொல்வேன். புதிய அட்வைசர்கள் முனகுவார்கள். முனகட்டும்.

பழைய சர்வரை எடைக்குப் போடுவது

கம்பெனியாகப் பதிந்திருந்தால் கணக்குப் புத்தகங்கள் 8 நிதியாண்டுகள் இருக்க வேண்டும். அதனால் எங்கள் பழைய சர்வர் ஸ்டோர் ரூமில், இன்னும் விற்றுத் தீராத பிரேக் பேட் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.