ஒரே பாய்ச்சலில் பிரேக் பிடிக்காது: ஏரோபிரேக்கிங் பற்றி எழுதும்போது நேரும் தவறுகள்

"விண்கலம் செவ்வாயின் காற்றுக்குள் பாய்ந்தது, வேகம் குறைந்தது, சுற்றுப்பாதைக்கு வந்துவிட்டது." இப்படி எழுதாதீர்கள். ஒரே பாய்ச்சலில் கோளிடம் பிடிபடும் முறைக்கு ஏரோகேப்சர் என்று பெயர். வேறொரு கோளைச் சுற்றப் போன எந்தக் கலமும் இதுவரை அப்படிப் பிடிபட்டதில்லை. நடப்பில் இருப்பது ஏரோபிரேக்கிங். முதலில் எஞ்சினை எரித்து ஒரு நீண்ட நீள்வட்டப் பாதையில் நுழைவார்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும், கோளை நெருங்கும்போது மெல்லிய மேல்காற்றை உரசிவிட்டுப் போவார்கள். 2006இல் மார்ஸ் ரீகனைசன்ஸ் ஆர்பிட்டர் என்ற நாசா கலம் செவ்வாயின் காற்றை 400 தடவைக்கு மேல் இப்படி உரசி, 35 மணி நேரச் சுற்றை 2 மணி நேரமாகச் சுருக்கியது. அதற்கு ஐந்து மாதம் பிடித்தது.

படம் வரைகிறவர்கள் சறுக்கும் இடம் இன்னொன்று. பாதை கோளுக்கு மிக அருகே வரும் தாழ்ந்த புள்ளியில் பிரேக் போட்டால் அந்தப் புள்ளிதான் இறங்கும் என்று தோன்றும். உண்மையில் இறங்குவது பாதையின் எதிர்ப்பக்கத்து உச்சி. தாழ்ந்த புள்ளி ஏறக்குறைய அதே உயரத்தில், காற்றுக்குள்ளேயே கிடக்கும். அதனால் கடைசியில் எஞ்சினை எரித்து அதை மேலே தூக்கியாக வேண்டும். மறந்தால் கலம் விழுந்துவிடும்.

வெப்பக் கவசத்தையும் வரைய வேண்டாம். பிரேக்காகப் பயன்படுவது பெரும்பாலும் சூரியத் தகடுகளின் பரப்புதான். 1997இல் மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற கலத்தின் ஒரு தகடு சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. காற்று தள்ளியதில் அது அளவுக்கு மீறி வளையவே, உரசலைச் சில வாரம் நிறுத்திவிட்டு, பிறகு காற்றை இன்னும் மென்மையாகத் தொட்டார்கள். வேலை முடிய ஓராண்டு தாமதம். போதாக்குறைக்கு செவ்வாயின் காற்று சொன்னபடி கேட்காது: கீழே புழுதிப்புயல் கிளம்பினால் காற்று சூடாகி உப்பும், நேற்று பாதுகாப்பாக இருந்த உயரத்தில் இன்று அடர்த்தி ஏறியிருக்கும். ஒருமுறை போட்ட கணக்கோடு யாரும் உட்கார்ந்துவிட முடியாது.

1999இல் தொலைந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரை ஏரோபிரேக்கிங் தோல்வி என்று சொல்வதும் பிழை. உந்துவிசைக் கணக்கை ஒரு மென்பொருள் பவுண்டு என்ற விசை அலகில் தந்தது, மற்றொன்று அதை நியூட்டன் என்ற மெட்ரிக் அலகில் எடுத்துக்கொண்டது, வித்தியாசம் 4.45 மடங்கு. அதனால் சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. சுற்றுப்பாதையில் நுழைவதற்காக எஞ்சின் எரிந்துகொண்டிருந்த நேரம் அது. ஏரோபிரேக்கிங் அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டியிருந்தது.