மாணவர் பதிவேடு எழுதும்போது தரவை எதில் வைப்பது?

பைத்தான் அடிப்படையைக் கற்று முடித்தவர் அடுத்துச் செய்யத் தகுந்த வேலை, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் உள்ள சிறிய டியூஷன் மையம் ஒன்றுக்கு மாணவர் பதிவேடு எழுதுவது. பெயர், அடையாளக் கார்டு எண், கட்டணம், வருகை என்று தரவு சிறியதுதான். புதியவர் தடுக்கி விழும் இடமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

கருவியைத் தேடும் முன் தாளில் எழுதுங்கள்: இந்தத் தரவை யார் யார் திருத்துவார்கள்? இதனிடம் என்னென்ன கேட்பார்கள்? ஒருமுறை தட்டச்சு செய்து அச்சிட மட்டும் என்றால் சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) போதும். மையத்தின் பெயர், கட்டண விகிதம் போன்ற அமைப்புகளுக்கு ஜேசன் (பெயரையும் மதிப்பையும் இணைத்து எழுதும் உரைக் கோப்பு). "மார்ச் கட்டணம் கட்டாத ஐந்தாம் படிவ மாணவர்கள் யார்?" என்ற மாதிரி கேள்விகள் வரத் தொடங்கினால் எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் சிறு தரவுத்தளம்). கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள கிளைகள் ஒரே நேரத்தில் எழுத வேண்டியிருந்தால்தான் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளச் சர்வர் தேவை. முதல் நாளே அங்கே போகிறவர்கள் போர்ட் எண்ணோடு மல்லுக்கட்டியே களைத்துப் போகிறார்கள்.

சிஎஸ்வியில் முகவரிக்குள் காற்புள்ளி வரும். அதனால் வரியை நீங்களே வெட்டாமல், பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலைப் பயன்படுத்துங்கள். எக்செல்லில் தமிழ் பெயர்கள் குப்பையாகத் தெரிந்தால், கோப்பை யுடிஎஃப்-8-சிக் குறிமுறையில் எழுதுங்கள், சரியாகிவிடும்.

பெரிய ஆபத்து அடையாளக் கார்டு எண்ணில்தான். 12 இலக்கம், 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்குச் சுழியத்தில் தொடங்கும். எக்செல் அதை எண்ணாக நினைத்துச் சுழியத்தைத் தின்றுவிடும். கைப்பேசி எண்ணுக்கும் இதே கதி. கூட்டல் கழித்தல் செய்யாத எதுவும் எழுத்துதான், எண்ணல்ல. எஸ்கியூலைட்டில் அந்த நெடுவரிசைக்கு டெக்ஸ்ட் என்று வகை கொடுங்கள். ஸ்ட்ரிங் என்று எழுதினால் பிழைச்செய்தி வராது. ஆனால் அதை எண் வகையாகக் கொண்டு, சுழியத்தைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். (அந்த எண் உண்மையில் தேவைதானா என்றும் யோசியுங்கள். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.)

அட்டவணைகள் மூன்று: மாணவர், கட்டணம், வருகை. ஒவ்வொரு மாணவருக்கும் நிரலே தரும் வரிசை எண்ணை முதன்மைச் சாவியாக, அதாவது அவரைத் தனித்துக் காட்டும் அடையாளமாக, வையுங்கள். அடையாளக் கார்டு எண்ணில் தட்டச்சுப் பிழை வந்தால் பிறகு திருத்த வேண்டியிருக்கும். ஜனவரி, பிப்ரவரி என்று மாதத்துக்கொரு நெடுவரிசை வேண்டாம். அடுத்த ஆண்டு இன்னும் பன்னிரண்டு சேர்க்க வேண்டிவரும். ஒரு கட்டணத்துக்கு ஒரு வரிசை. தேதியை 2025-03-14 என்று ஆண்டை முன்வைத்து எழுதினால் எழுத்தாகவே சரியாக வரிசைப்படும். அட்டவணைகளை இணைக்கும் அயற்சாவிச் சோதனை (பதிவேட்டில் இல்லாத மாணவருக்குக் கட்டணம் பதியாமல் தடுப்பது) எஸ்கியூலைட்டில் இயல்பாக அணைந்திருக்கும். ஒவ்வொரு முறை தரவுத்தளத்தைத் திறந்ததும் அதை இயக்குங்கள்.

பணத்தைச் சென்னில், முழு எண்ணாக வையுங்கள்: 85 ரிங்கிட் 50 சென் என்றால் 8550. தசம எண்ணில் (ஃப்ளோட்) 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். ரொக்கத்தில் 5 சென்னுக்கு முழுமையாக்குவதை மொத்தத் தொகையில் மட்டும், கடைசியில் செய்யுங்கள்.

பெயர் ஒரே நெடுவரிசையில் இருக்கட்டும். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயருக்கு முன் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) ஆகியவற்றில் உள்ள சாய்கோடு தரவுத்தளத்தில் தொல்லை தராது. மாணவர் பெயரிலேயே ரசீதுக் கோப்பைச் சேமித்தால் மட்டும், சாய்கோட்டுக்கு முன்னுள்ளதை நிரல் கோப்புறை என்று நினைத்துப் பிழை காட்டும். ரசீதுக்கு வரிசை எண்ணையே பெயராக வையுங்கள். தமிழில் "கொ" இரண்டு விதமாகப் பதிவாகலாம்: ஒரே குறியாகவோ, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவோ. கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியாக்குவது) மாற்றினால் சிக்கல் தீரும்.

நினைவகத்தில் கையாளும்போது, வரிசை முக்கியமென்றால் லிஸ்ட், எண்ணை வைத்து ஆளைத் தேட டிக்‌ஷனரி, வராதவர்களைக் கண்டுபிடிக்க செட்: மொத்த செட்டிலிருந்து வந்தவர்களின் செட்டைக் கழித்தால் முடிந்தது. 2,000 பேரை 2,000 பேருள்ள லிஸ்டில் தேடினால் 4 மில்லியன் ஒப்பீடுகள் வரை போகும். டிக்‌ஷனரியில் ஏறக்குறைய 2,000 தேடல்தான்.

"டேட்டாபேஸ் லாக்ட்" என்று வந்தால், வேறொரு நிரல் எழுதிவிட்டு கமிட் செய்யாமல் (மாற்றத்தை உறுதிசெய்து முடிக்காமல்) நிற்கிறது என்று பாருங்கள். எஸ்கியூலைட் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுதவிடும். கோப்பைப் பகிர்ந்த கோப்புறையிலோ கூகுள் டிரைவிலோ வைத்து இரண்டு கணினியில் திறந்தால் கெட்டுப்போகலாம். காப்புப்பிரதிக்கும், திறந்திருக்கும் கோப்பை அப்படியே நகலெடுக்காமல் எஸ்கியூலைட்டின் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். எடுத்த பிரதியை வேறு கணினியில் திறந்து, மாணவர் எண்ணிக்கை ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.