முகவரி தேடிய கதை

கோத்தகிரியில் எங்கள் வீட்டைப் பழுதுபார்க்க 80,000 ரூபாய் முன்பணம் வாங்கிய ஒப்பந்தக்காரர், பாதிக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, மழை தொடங்கிய வாரத்தில் குடியிருந்த வீட்டையும் காலி செய்துவிட்டார். வழக்கறிஞர் அறிவிப்பைத் தயாராக வைத்திருந்தார்; அனுப்புவதற்கு முகவரிதான் இல்லை. ஆகவே தனியார் துப்பறிவாளரை நாடினேன்.

இத்தொழிலுக்கெனத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2007-இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா சட்டமாகவேயில்லை. அதனால் ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. முதலில் பேசியவர் செல்போன் அழைப்புப் பட்டியலையே எடுத்துத் தருவதாகப் பெருமையாகச் சொன்னார்; அது சட்டவிரோதம் என்பதால் அவரை அப்போதே விட்டுவிட்டேன். கோயம்புத்தூரைச் சேர்ந்த இரண்டாமவரோ பழைய ரசீது, வண்டி எண், ஒரு புகைப்படம் ஆகியவற்றை மட்டும் கேட்டு, வேலையின் எல்லை, நாள், கட்டணம், தனியே தரவேண்டிய பயணச் செலவு எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து இரண்டு பக்க அறிக்கை வந்தது. மேட்டுப்பாளையத்தில் ஒரு வாடகை வீடு. படத்தில், வாசல் சுவரோரம் எங்கள் கூரைத் தகடுகளே சாய்த்து வைக்கப்பட்டிருந்தன! அந்த முகவரிக்கு அறிவிப்பு சென்றது. பணம் மூன்று தவணைகளில் திரும்பியது.